கட்டைவிரலைக் கேட்டு வாங்குங்கள்

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரின் இடுப்பில் தொங்கும் ரிவால்வரைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அப்படி வளர்ந்து டெக்சஸ், அரிசோனா பக்கம் குடியேறிய நம் பிள்ளைகளில் சிலர் இப்போது கௌபாய் துப்பாக்கிப் போட்டிகளை எட்டிப் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் போன் வருகிறது: "அங்கிள், எந்த ரிவால்வர் வாங்கலாம்?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டின் முதல் பெரிய போட்டி 'எண்ட் ஆஃப் ட்ரெயில்' என்ற பெயரில் 1982-ல் கலிஃபோர்னியாவில் நடந்தது. 1987-ல் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி' அமைந்தது. சுருக்கமாக 'சாஸ்' என்போம். போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு பழைய பாணி ஷாட்கன் வேண்டும். இலக்குகள் இரும்புத் தகடுகள். கணக்கு நேரத்தில். சுட எடுத்த விநாடிகளோடு, தவறவிட்ட தகடு ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி சேரும். உடை 19-ம் நூற்றாண்டு மேற்குப் பகுதியின் உடை. பெயரும் அப்படித்தான்: சங்கத்தில் பதிவு செய்த புனைபெயர் ஒன்று உங்களுக்கு இருக்கும், அது வேறு யாருக்கும் இருக்காது.

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ட்ரிக்கரை மட்டும் இழுத்தால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் இருக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் முழுக்க இழுத்து நிறுத்த வேண்டும். அந்த இழுப்பில்தான் சிலிண்டர் சுழன்று அடுத்த அறை குழலுக்கு நேரே வருகிறது. ஒரு சுற்றுக்கு ரிவால்வரில் 10 தோட்டா. ஆறு சுற்றுப் போட்டியில் 60 முறை கட்டைவிரல் இந்த வேலையைச் செய்தாக வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். பளபளப்பையும் பெயரையும் பார்த்து வாங்கிய ரிவால்வர் அலமாரிக்கு அழகு. கட்டைவிரலைக் கேட்டு வாங்கியதுதான் போட்டிக்கு உதவும்.

1. முதலில் சட்டம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வக்கீலிடம் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள். நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் ஒரு நிமிடம் வாங்கிப் பார்ப்பதற்கும் இந்தத் தடை பொருந்தும். விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடைக்காரரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், 4473 படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். மாநிலச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் அறவே வேண்டாம். இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது.

2. வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று போட்டிகளுக்குப் போய்ச் சும்மா நின்று பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் கட்டாயம். இந்தக் கூட்டத்தாரின் குணம் நல்ல குணம். "புதிதாக வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும், தங்கள் துப்பாக்கியையே கொடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்வார்கள். கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் ஒரு நாள் முழுக்க நின்றாலும் கிடைக்காத பாடம் அந்த அரை மணி நேரத்தில் கிடைக்கும்.

3. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகு, வழக்கம்போலப் பிடியுங்கள். பிடியை மாற்றாமல், மணிக்கட்டைத் திருப்பாமல், உங்கள் கட்டைவிரல் ஹேமரின் வால் மேல் போய் உட்காருகிறதா? உட்கார்ந்த பிறகு அதைக் கடைசி வரை இழுக்க முடிகிறதா? இழுக்கும்போது குழல் முனை மேலே எழும்புகிறதா, பக்கவாட்டில் போகிறதா? இந்த மூன்று கேள்விக்கும் கடைக்காரர் பதில் சொல்ல முடியாது.

1873 கோல்ட்டின் கைப்பிடி அதற்கு முந்தைய 1851 நேவி மாடலிலிருந்து வந்தது. நடுத்தரக் கைக்கு வெகு அழகாகப் பொருந்தும். பெரிய கை உள்ளவர்களுக்குச் சுண்டுவிரல் நிற்க இடம் இருக்காது. அதை மடக்கிக் கைப்பிடிக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள், அதில் தவறில்லை. சிறிய கை உள்ளவர்களுக்கு, நம் பெண்களில் பலருக்கும் இதே நிலைதான், பிரச்சினை கைப்பிடியில் இல்லை, ஹேமர் வாலின் உயரத்தில் இருக்கிறது. கட்டைவிரல் எட்டாமல் ஒவ்வொரு முறையும் பிடியைத் தளர்த்தி மறுபடி பிடிக்க வேண்டிவரும். அவர்கள் வால் தாழ்ந்த, அகலமான ஹேமர் உள்ள மாடலைத் தேட வேண்டும். ரூகர் நிறுவனம் சாஸ் உறுப்பினர்களுக்கென்று செய்த நியூ வக்கேரோவில் அப்படிப்பட்ட ஹேமர்தான். மெல்லிய கைப்பிடித் தகடுகளும் உதவும். மரத் தகட்டை மாற்றுவது ஒரு ஸ்க்ரூ வேலை. ஹேமரை மாற்றுவது அப்படியல்ல. அதனால் ஹேமரைப் பார்த்து வாங்குங்கள், தகட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் எந்தப் பிரிவில் சுடப்போகிறீர்கள் என்பதும் இதில் அடங்கும். இரண்டு கையாலும் ஒரே துப்பாக்கியைப் பிடிப்பவர், ஆதரவு கொடுக்கும் கையின் கட்டைவிரலால் ஹேமரை இழுக்கலாம். அது சுலபம், வேகமும் கூட. 'டூயலிஸ்ட்' பிரிவில் ஒரே கையால் பிடித்து, அதே கையால் இழுத்து, அதே கையால் சுட வேண்டும். 'கன்ஃபைட்டர்' பிரிவில் இரு கையிலும் ஒவ்வொன்று. முதல் ஆண்டு இரண்டு கைப் பிடியே போதும். ஆனால் கடையில் சோதிக்கும்போது ஒற்றைக் கையாலும், அதிலும் பலவீனமான கையாலும் இழுத்துப் பாருங்கள்.

4. யார் செய்தது என்ற கேள்விக்கு வருகிறேன். நாலு பெயர் தெரிந்தால் போதும்.

கோல்ட், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட். 1873-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி இவர்களுடையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றுபோன உற்பத்தி, தொலைக்காட்சியில் கௌபாய் தொடர்கள் பெருகிய பிறகு 1956-ல் மீண்டும் தொடங்கியது. அதன் நீலமும், ஃபிரேம் எனப்படும் சட்டத்தில் ஓடும் பல வண்ண வெப்பப் பதமும் எனக்கு இன்றும் மயக்கம் தருபவை. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு கோல்ட் விலையில் இத்தாலிய ரிவால்வர் இரண்டு வாங்கலாம், சமயத்தில் மூன்று. மாதாமாதம் நூற்றுக்கணக்கில் சுட்டுத் தேய்க்க அவ்வளவு விலையுயர்ந்த பொருள் எதற்கு?

ரூகர். கோல்ட் ஒதுங்கியிருந்த காலத்தில் உள்ளே நுழைந்தவர்கள். 1953-ல் சிங்கிள் சிக்ஸ், 1955-ல் பிளாக்ஹாக். வெளித்தோற்றத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு, உள்ளே எளிதில் ஒடியும் தட்டை ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டார்கள். 1973-ல் 'டிரான்ஸ்ஃபர் பார்' வந்தது. ட்ரிக்கரை இழுத்தால் மட்டும் மேலே எழும்பி, ஹேமரின் அடியை ஃபயரிங் பின்னுக்குக் கடத்தும் ஒரு சிறு இரும்புத் துண்டு அது. துப்பாக்கி கைதவறி விழுந்து வெடிக்கும் அபாயத்தை அது பெருமளவு ஒழித்தது. 1993-ல் இந்தப் போட்டிகளை மனத்தில் வைத்தே நிலையான குறிகளோடு வக்கேரோ வந்தது. அது சற்றுப் பருமன். 2005-ல் கோல்ட் அளவுக்கு இளைத்த நியூ வக்கேரோ வந்தது. இதில் தோட்டா போட ஹேமரைத் தொடவே வேண்டாம். பக்கத்துக் கதவைத் திறந்தாலே சிலிண்டர் சுழலும்.

உபெர்ட்டி, இத்தாலியில் கார்டோனே வால் ட்ரோம்பியா. 1959-ல் ஆல்டோ உபெர்ட்டி தொடங்கியது, இப்போது பெரெட்டா குழுமத்தின் கையில். பியெட்டாவும் அதே பிரெஷியா மாவட்டம்தான், குஸ்ஸாகோ ஊர். சிமரான், டெய்லர்ஸ், ஈஎம்எஃப் என்று அமெரிக்கக் கடைகளில் பார்க்கும் பெயர்கள் எல்லாம் இறக்குமதி செய்பவர்களின் பெயர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த இருவரில் ஒருவரின் வேலை. நாம் சிவகாசி அச்சில் படித்த டெக்ஸ் வில்லரும் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர்தான். அமெரிக்க மேற்கின் மேல் அந்த நாட்டுக்காரர்களுக்கு இருக்கும் காதல் படத்தோடும் புத்தகத்தோடும் நிற்கவில்லை, இரும்பிலும் இறங்கியிருக்கிறது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ டிரைவரைத் தொட விருப்பம் இல்லாதவர்கள் நியூ வக்கேரோ வாங்குங்கள். அடித்துப் போட்டாலும் ஓடும். கோல்ட்டின் வடிவமும், ஹேமரை இழுக்கும்போது கேட்கும் நான்கு சொடுக்குச் சத்தமும் வேண்டும் என்று மனம் ஏங்குபவர்கள் உபெர்ட்டியோ பியெட்டாவோ வாங்கி, இந்த விளையாட்டு தெரிந்த கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்து உள்வேலையைச் சீர்செய்துகொள்ளுங்கள். எந்த நிறுவனமானாலும் ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் பெயரைத் தேர்ந்த பிறகும் அடுத்து வரும் சோதனைகளைத் தவிர்க்கக்கூடாது.

5. காலிபர். புதியவர்களுக்கு .357 மேக்னம் அறை உள்ள துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டா. காரணங்கள் நேரானவை: விலை குறைவு, உதைப்பு குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், ரைஃபிளும் அதே காலிபரில் கிடைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். வெளி அளவு ஒன்றாகவே இருக்க, துளைகள் சிறிதாக இருப்பதால், .357 துப்பாக்கி .45-ஐவிடச் சற்றுக் கனம். அந்தக் கனமும் உதைப்பை விழுங்குகிறது. நீளம் குறைந்த .38 தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் அறைக்குள் ஒரு கரி வளையம் படியும். பிரஷ் போட்டுத் தேய்த்துவிட வேண்டும்.

.45 கோல்ட்டுக்கு ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கமாட்டேன். தகட்டில் பட்டால் எழும் 'டங்' ஓசையே வேறு. ஆனால் அந்தக் காலத்து வின்செஸ்டர் ரைஃபிள் .45 கோல்ட்டில் வந்ததே இல்லை. ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா வேண்டியவர்கள் .44-40 வைத்துக்கொண்டார்கள், கோல்ட் நிறுவனமும் 1878 முதல் அந்தக் காலிபரில் செய்து கொடுத்தது. வரலாற்றுப் பொருத்தத்தில் பற்று உள்ளவர்களும், கருமருந்து போட்டுப் புகை கிளப்ப ஆசைப்படுபவர்களும் பின்னால் அங்கே போகலாம். எதுவானாலும் ஈயக் குண்டு மட்டுமே அனுமதி. செப்பு உறை போட்டது கூடாது. ரிவால்வர் குண்டின் வேகம் விநாடிக்கு 1000 அடியைத் தாண்டக்கூடாது. மேக்னம் தோட்டாவின் முழு வேகத்துக்கு இங்கே வேலையே இல்லை.

6. குழல் நீளம்: 4¾ அல்லது 5½ அங்குலம். 7½ அங்குலம் குதிரைப்படைக்குச் செய்தது; உறையிலிருந்து முழுசாக வெளியே வர நேரம் பிடிக்கும். இடுப்பின் குறுக்கே செருகும் உறையில் அது இன்னும் தொல்லை, ஏனென்றால் உருவும்போது குழல் முனை, இலக்குப் பக்கம் விதியாக வகுத்த 170 பாகை எல்லையைத் தாண்டிப் பின்னால் நிற்பவர்கள் பக்கம் போய்விடக்கூடாது.

7. இந்த எழுத்தில் ஒன்றை மட்டும்தான் மனப்பாடம் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்: டைமிங் சோதனை. கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். காலியா என்று மறுபடி பாருங்கள். முனையை ஆள் இல்லாத பக்கம் வையுங்கள்.

சட்டத்தின் அடியிலிருந்து போல்ட் என்ற ஒரு சிறு இரும்புத் துண்டு எழும்பி, சிலிண்டரின் வெளிப்புறத்தில் இருக்கும் பள்ளத்தில் விழுந்து பூட்டும். கதவுத் தாழ்ப்பாள் போலத்தான். ஹேமர் முழுக்கப் பின்னால் வந்து நிற்பதும் போல்ட் பள்ளத்தில் விழுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இதுதான் டைமிங்.

இடது கை விரல் ஒன்றைச் சிலிண்டர் மேல் மெல்ல வைத்து, லேசாகத் தடுத்தபடி, வலது கட்டைவிரலால் ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். கோல்ட் பாணியில் நான்கு சொடுக்கு கேட்கும். முதலாவது பாதுகாப்புப் படி. இரண்டாவது, தோட்டா போடும் அரைப் படி. மூன்றாவது, போல்ட் சிலிண்டர் மேல் விழும் சத்தம். நான்காவது முழுப் படி. நான்காவது கேட்ட பிறகு சிலிண்டரை விரலால் தள்ளிப் பாருங்கள். ஏற்கெனவே பூட்டியிருந்தால் சரி. தள்ளிய பிறகு 'டிக்' என்று பூட்டினால் அந்தத் துப்பாக்கி பின்தங்குகிறது. வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் தன் வேகத்திலேயே சுழன்று பூட்டிக்கொள்வதால் இந்தக் குறை தெரியாது, மெதுவாக இழுத்தால்தான் அகப்படும். ஓர் அறையில் பார்த்துவிட்டு விடாதீர்கள். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் பின்தங்குவது அபூர்வமில்லை.

இனி எதிர்ப்பக்கம். போல்ட் சீக்கிரமே எழும்பினால் பள்ளத்துக்கு முன்னாலேயே சிலிண்டரை உரசும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன் சிறு வழித்தடம் ஒன்று வெட்டியிருக்கும். உரசல் அதற்குள் அடங்கினால் நல்லது, சிலிண்டரைச் சுற்றி முழு வளையமாகக் கோடு விழுந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். ரூகரில் மட்டும் இந்தக் கோடு இயல்பு. அதன் அமைப்பே அப்படி. கோல்ட் பாணியில் அந்த வளையத்துக்குப் பெரும்பாலும் காரணம், அரைப் படியில் வைத்துச் சிலிண்டரைச் சுழற்றிவிட்டு, முழுப் படிக்கு இழுக்காமல் அங்கிருந்தே ஹேமரை இறக்கும் பழக்கம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அரைப் படியிலிருந்து எப்போதும் முழுக்க இழுத்து, அதன் பிறகே மெதுவாக இறக்க வேண்டும்.

கடைசியாக, ஹேமர் முழுப் படியில் நிற்கும்போது, ட்ரிக்கரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரின் பின்புறத்தை முன்நோக்கித் திடமாகத் தள்ளுங்கள். நழுவி இறங்கினால் அந்தத் துப்பாக்கியை அப்படியே கீழே வைத்துவிடுங்கள். ட்ரிக்கர் லேசாக இருக்கட்டும் என்று யாரோ உள்ளே அளவுக்கு மீறி அரத்தைப் போட்டிருக்கிறார்கள். விலை பாதியானாலும் வேண்டாம்.

8. சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 0.004 முதல் 0.006 அங்குலம் இருந்தால் நிம்மதி. அதிகமானால் வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீய்ச்சும். மிகக் குறைவாக இருந்தாலும் தொல்லைதான். கரி படிந்ததும் சிலிண்டர் இறுகி, கட்டைவிரலுக்குச் சுமை கூடும். சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடக்கூடாது.

.45 வாங்குபவர்களுக்கு ஒரு சோதனை கூடுதல். சிலிண்டரைக் கழற்றி, தோட்டா இல்லாத தனி ஈயக் குண்டு ஒன்றை அறையின் முன்வாயில் வைத்து விரலால் அழுத்துங்கள். 0.452 அங்குலக் குண்டு சின்ன அழுத்தத்தில் நழுவிப் போக வேண்டும். தானாக உருண்டு விழுந்தால் வாய் பெரிது, குண்டு சரியாகக் குழலைப் பிடிக்காது. நுழையவே மறுத்தால் வாய் சிறிது. சில வக்கேரோக்களில் அப்படி இருப்பதுண்டு. சிறிதாக இருப்பதைக் கன்ஸ்மித் பெரிதாக்கிவிடலாம். பெரிதாக இருப்பதை யாராலும் சிறிதாக்க முடியாது.

9. பழையது வாங்கினால் முதலில் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். வெட்டுக்கள் பிய்ந்து, ஓரம் சிதைந்திருந்தால், பொருந்தாத டிரைவரோடு யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள். உள்ளே என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அடுத்து சிலிண்டர் பள்ளங்களின் ஓரங்கள். ஒரு பக்கம் நசுங்கி உருண்டிருந்தால், சினிமாவில் போல உள்ளங்கையால் ஹேமரைத் தட்டித் தட்டிச் சுட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வித்தை போல்ட்டையும் பள்ளத்தையும் தின்றுவிடும்.

1973-க்கு முந்தைய ரூகர் கிடைத்தால் தயங்க வேண்டாம். நல்ல துப்பாக்கிகள். டிரான்ஸ்ஃபர் பார் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தாத்தா காலத்து அசல் கோல்ட் கிடைத்தால் அது வேறு கதை. கோல்ட் நிறுவனம் இந்த மாடலைப் புகையில்லா மருந்துக்கு ஏற்றதென்று உறுதி கொடுத்தது 1900-ல்தான். அதற்கு முற்பட்டதில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

10. ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் போட வேண்டும், ஹேமர் காலி அறையின் மேல் இறங்கியிருக்க வேண்டும். ரூகரானாலும் கோல்ட்டானாலும் இதே விதி. பழைய அமைப்பில் ஹேமரின் மூக்கிலேயே ஃபயரிங் பின் இருக்கும். ஹேமர் இறங்கியிருந்தால் அந்த மூக்கு தோட்டாவைப் பற்றவைக்கும் ப்ரைமர் மேலேயே படுத்திருக்கும்; ஒரு தட்டல் போதும். இன்றைய உபெர்ட்டிகள் பலவற்றில், ட்ரிக்கரை இழுத்தால் மட்டும் முன்னே நீளும் பின் வைத்திருக்கிறார்கள். இருந்தும் விதி ஒன்றுதான். தோட்டா போடும் மேசையில் நின்று சரிபார்ப்பவர், யாருடைய துப்பாக்கியில் என்ன அமைப்பு என்று ஆராய்ந்து கொண்டிருக்க முடியாது.

ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, முழுக்க இழு, மெதுவாக இறக்கு. இந்த வரிசையில் செய்தால் ஹேமர் தானாகவே காலி அறையில் இறங்கும். வாங்குவதற்கு முன் டம்மித் தோட்டாக்களை வைத்து இதைச் செய்து பாருங்கள். பக்கத்துக் கதவு திறக்கும்போது அறை கதவுக்கு நேரே நிற்கிறதா, காலிக் கூடுகளைத் தள்ளும் கம்பி தடையில்லாமல் ஓடுகிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

11. இரண்டும் ஒரே மாடல், ஒரே காலிபர், ஒரே குழல் நீளம். விதி அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை, கை கட்டாயப்படுத்துகிறது. கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ஒன்றை வாங்கிக்கொண்டு, மற்றதை இரவல் வாங்கிச் சுடுங்கள். அடுத்த ஆண்டு அதே மாடலில் இரண்டாவது வாங்கலாம். ரூகர் சாஸ் மாடலை அடுத்தடுத்த வரிசை எண்களில் ஜோடியாகவே விற்றது. எண் தொடர்ந்து வருவது மனத்துக்கு இனிமை, சுடுவதற்கு அதனால் ஒன்றும் கூடுவதில்லை.

12. ஸ்பிரிங்கை மாற்ற அவசரப்படாதீர்கள். மெல்லிய ஸ்பிரிங் போட்டால் கட்டைவிரலுக்குச் சொகுசு, உண்மைதான். ஆனால் அளவு மீறினால் ஹேமர் ப்ரைமரை நசுக்கும் பலத்தை இழக்கும், தோட்டா வெடிக்காது. கடின ப்ரைமரில் இது சீக்கிரம் தெரியும். ஃபெடரல் ப்ரைமர் மென்மையானது என்பதால் லேசான ஸ்பிரிங் வைத்திருப்பவர்கள் அதையே தேடி அலைவார்கள். ஓர் ஐந்நூறு தோட்டாவாவது சுட்டு, இரும்பும் இரும்பும் பழகிய பிறகு, எது கனமாக இருக்கிறது என்று உங்களுக்கே புரியும். அப்போது கன்ஸ்மித்திடம் போங்கள்.

13. நிக்கல் பூச்சு, பூவேலைப்பாடு, தந்தம் போன்ற கைப்பிடி எல்லாம் ஆசையிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் அழகுக்கு இடமுண்டு. ஆனால் அந்தப் பணத்தில் முதலில் நல்ல தோல் உறையும் தோட்டாவும் வாங்குங்கள்.

14. வாங்கி வந்த பிறகு முதல் வேலை, குண்டு எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பது. பின்குறி என்பது சட்டத்தின் மேல் ஓடும் வெறும் பள்ளம், முன்குறி ஒரு இரும்புத் தகடு. திருகி மாற்ற எதுவும் இல்லை. ஏழெட்டு கெஜத்தில் காகித இலக்கு வைத்து, போட்டியில் சுடப்போகும் அதே தோட்டாவால், நிதானமாக ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். பக்கவாட்டில் விலகினால் முதலில் உங்கள் பிடியையும் ட்ரிக்கர் இழுப்பையும் சந்தேகியுங்கள். அனுபவமுள்ள ஒருவரைச் சுடச் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் விலகினால் குழலைத் துளி திருப்ப வேண்டும், அது கன்ஸ்மித் வேலை.

தாழ்வாகப் போனால் நல்ல செய்தி. முன்குறியை அரத்தால் தேய்த்துக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். தோட்டாவின் குண்டு எடை முடிவாகும் வரை அரத்தைத் தொடாதீர்கள், ஏனென்றால் எடை மாறினால் உயரமும் மாறும். முடிவான பிறகு இரண்டு மூன்று தேய்ப்பு, ஐந்து தோட்டா, மறுபடி இரண்டு தேய்ப்பு என்று போங்கள். இன்னும் கால் அங்குலம் தாழ்வு இருக்கும்போதே நிறுத்திவிட்டு ஒரு போட்டி சுட்டுப் பார்ப்பது நல்லது. தேய்த்த இடத்தில், சூடாக்காமல் பூசும் நீலக் கரைசலை (cold blue) தடவினால் வெள்ளை மறையும். இரண்டாவது துப்பாக்கிக்கும் இதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்; முதலாவதில் எவ்வளவு தேய்த்தோம் என்ற கணக்கு அதற்குப் பொருந்தாது.